கால் நடுங்கினால் என்ன?

அன்புத் தோழிக்கு,

கர்த்தருக்குள் வாழ்த்துகள். உன் கடிதம் வந்ததும் நின்றபடியே படித்து முடித்தேன். கீமோ முடிந்தது என்ற வரியைப் பார்த்தபிறகுதான் உட்காரத் தோன்றியது.

முதலில் எங்கள் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. சின்னவள் நர்சிங் முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள். அவளுக்கு இரவுப் பணி என்பதால் பகலெல்லாம் வீட்டில் சத்தம் போடக்கூடாது. அம்மாவை வைத்துக்கொண்டு இது எப்படி நடக்கும் என்று நீயே சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சபை நடுவில் எழுந்து, எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று நேராகப் பெயரைச் சொல்லிச் சாட்சி சொன்னாயாம். அதை எழுதிவிட்டு, "கால் நடுங்கிற்று, மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன், இதைப்போய் தைரியம் என்கிறார்களே" என்று ஒரு சலிப்பு வேறு. அந்தப் பக்கத்தை நான் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கை நின்றுவிட்டது. "அத்தனை ஆம்பளைங்க முன்னாடி அந்த வார்த்தையைச் சொன்னாங்களா?" என்று கேட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒரு கட்டி இருக்கு, ரொம்ப நாளா" என்றார்கள். அண்ணனுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். வெறும் நீர்க்கட்டிதான், பயமில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. சுகம் கிடைத்தது, ஜெயம் பெற்றேன் என்று முடியும் சாட்சிகளை அண்ணி ஆயிரம் கேட்டிருப்பார்கள். அதெல்லாம் அவர்களை ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோகவில்லை. உன் கால் நடுங்கியது கொண்டுபோயிற்று. நடுங்குகிறவளே பேச முடிந்தால் நானும் பேசலாம் என்று தோன்றியிருக்கும். இன்னொன்றும் உண்டு. நீ பேசியபோது உனக்கே அடுத்த ரிப்போர்ட் என்ன சொல்லும் என்று தெரியாது. முடிவு தெரியாமல் பேசுகிறவளின் பேச்சு வேறுமாதிரிதான் காதில் விழுகிறது.

லூக்கா முதல் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். நீ இயேசுவைப் பெறுவாய் என்று சொன்ன தேவதூதன் போனபிறகு மரியாள் தீவிரமாய் மலைநாட்டுக்குப் புறப்பட்டு உறவுக்காரி எலிசபெத்திடம் போகிறாள். "உமது வார்த்தையின்படி எனக்கு ஆகக்கடவது" என்று தூதனிடம் சொன்னவள்தான், ஆனால் அங்கே பாட்டு வரவில்லை. எலிசபெத்து வாசலில் அவளைப் பார்த்து, விசுவாசித்தவளே பாக்கியவதி என்று வாழ்த்தியபிறகுதான் "என் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது" என்று வாய் திறக்கிறாள். வார்த்தை தேவனிடமிருந்து வந்தது. அதைப் பாடும் பலம் இன்னொரு பெண்ணின் வாசலில் கிடைத்தது. அந்த எலிசபெத்தும் கர்ப்பமாகி ஐந்து மாதம் வெளியே தலைகாட்டாமல் இருந்தவள்தான். பிள்ளை இன்னும் பிறக்கவில்லை, யோசேப்பு என்ன சொல்வான் என்று தெரியாது, ஊர் வாயை மூட முடியாது. அந்த நிலையில் மரியாள் பாடுகிறாள்.

பாட்டின் சாயலும் புதிதல்ல. பல நூறு வருஷத்துக்கு முன் சாமுவேலின் தாய் அன்னாள் பாடியதேதான்: பலவான்களின் வில் முறியும், சிறியவன் புழுதியிலிருந்து எழும்புவான் என்பது. அன்னாள் அதை எப்போது பாடினாள் பார். சாமுவேலைப் பெற்றெடுத்தபோது அல்ல, பால் மறக்கப்பண்ணி சீலோவில் ஆலயத்தில் ஒப்புக்கொடுத்தபோது. பிள்ளையை விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பப்போகிற தாயின் பாட்டை வரிசையாக மனதில் வைத்திருந்தவள் மரியாள். மூன்று மாதம் எலிசபெத்தோடு தங்கினாளே, இரண்டுபேரும் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று லூக்கா எழுதியிருக்கக்கூடாதா!

நம் பெண்கள் ஐக்கியத்தில் தைரியம் என்றால் வேதத்தில் வரும் எஸ்தர் ராணி, தெபொராள் இருவரும்தான். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பயத்தையெல்லாம் கழித்துவிட்டுச் சொல்கிறோம். எஸ்தரும் முதலில் தயங்கினாள், மூன்று நாள் தாதிமாரோடு உபவாசித்துவிட்டுத்தான் ராஜாவிடம் போனாள். இயேசு உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்குப் போன பெண்களும், மாற்கு சொல்கிறபடி, நடுங்கித் திகைத்து ஓடினார்கள். பயத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அதை மறைக்காமல் எழுதிவைத்த மாற்குவை எனக்குப் பிடிக்கும்.

கி.பி. 203ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட பெர்பெத்துவாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனா? வயது 22 இருக்கும், பால்குடிக்கும் குழந்தை வேறு. சிறையில் அவள் எழுதிய குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. சிறையின் இருட்டைப் பார்த்துத் திகிலடைந்ததையும் குழந்தையை நினைத்துத் தவித்ததையும் அதில் ஒளிக்கவில்லை. கூட இருந்த பெலிசித்தா ஒரு அடிமைப்பெண், சிறையிலேயே பிரசவித்தவள். அரங்கத்தில் ஒரு முரட்டுப் பசுவை அவர்கள்மேல் ஏவிவிட்டார்கள். முட்டப்பட்டு விழுந்த பெர்பெத்துவா எழுந்து, கீழே கிடந்த பெலிசித்தாவைப் பார்த்து, அருகில் போய்க் கைகொடுத்துத் தூக்கினாள். இருவரும் சேர்ந்து நின்றார்கள். நல்ல குடும்பத்துப் பெண் அடிமைக்குக் கைகொடுத்ததை அந்தக் கூட்டம் எப்படிப் பார்த்திருக்கும்!

மூத்தவளிடமிருந்து இளையவளுக்குத்தான் தைரியம் போகும் என்றும் இல்லை. அமெரிக்காவில் பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் ஜெபத்திலும் சபையிலும் ஊறிய பெண்மணி. அது 1955 டிசம்பரில். ஆனால் அதே ஊரில் அதே வருஷம் மார்ச்சிலேயே கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். அவள் பேரை ரொம்பப்பேர் மறந்துவிட்டார்கள். பஸ்ஸில் நிறவேற்றுமை கூடாது என்று 1956இல் தீர்ப்பு வாங்கித்தந்த வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி.

பக்கத்துச் சபையிலும் பேசக் கூப்பிடுகிறார்கள், போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். உடம்பு கேட்டால் போ. களைப்பாக இருந்தால் போகாதே, யாருக்கும் கடமைப்படவில்லை. ஒருமுறை தைரியமாக இருந்துவிட்டால் அப்புறம் எப்போதும் அப்படியே இருக்கவேண்டும் என்று ஜனங்கள் எதிர்பார்ப்பார்கள், அது பொல்லாத சுமை. போவதானால் தனியாகப் போகாதே. சொத்தில் பங்கு கேட்டு மோசேயின் முன்னால் நின்ற செலொப்பியாத்தின் மகள்கள் ஐந்துபேரும் சேர்ந்துதான் போனார்கள், நியாயமும் கிடைத்தது. உன் பேச்சைக் கேட்டுப் பரிசோதனைக்குப் போனதாக எழுதினாயே, அந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைக் கேட்டுப் பார். இரண்டு நிமிஷம் அவளும் பேசட்டும், வரவில்லையென்றால் பக்கத்தில் நிற்கட்டும்.

தேதி முடிவானால் எழுது, அண்ணியும் நானும் வருகிறோம். ஆனால் என்னை முன்வரிசையில் உட்காரவைக்காதே. பள்ளிக்கூட நாடகத்தில் உன் ஒட்டுத்தாடி கழன்று விழுந்ததிலிருந்து நீ மேடையேறினாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

அன்புடன்,
உன் பழைய தோழி