21 நாள் அட்டவணையும் 4 மணிப் பலகாரமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல "21 நாளில் உணவுப் பழக்கத்தை மாற்றலாம்"னு கட்டம் போட்ட அட்டவணையோட ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. ரெண்டு வருசம் முன்னாடியும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு, அத வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி நான் பட்ட பாட்ட சொல்லத்தான் இந்த லெட்டர்.

எங்க செட்டிநாட்டுப் பக்கம் 21னு சொன்னா மனசு ஒடனே நம்பிரும் சார். கார்த்திகை தீபத்துலேர்ந்து 21 நாள் எண்ணித்தான் பிள்ளையார் நோன்பு, 21 இழை நூல திரியாக்கி மாவுல வச்சு ஏத்தி எரியுறப்பவே வாயில போட்டுக்குவோம். (அந்தத் திரி சுடாம உள்ள போயிருது, நாக்குதான் அடங்க மாட்டேங்குது.)

டாக்டர் சுகர் கூடிருச்சு, சாயந்தரப் பலகாரத்த விடுங்கன்னாரு. 9 நாள் வரிசையா டிக் போட்டேன். பத்தாம் நாள் கானாடுகாத்தான்ல ஒரு சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), இலையில கந்தரப்பம், ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டேன். அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல, ஆனா மனசு என்ன சொல்லுச்சுன்னா அதான் இன்னைக்குக் கெட்டுப்போச்சே நாளைக்குப் பாத்துக்கலாம்னு, அப்புறம் கல்கண்டு வடை, சீயம், வீட்டுக்கு வந்து தேங்குழல் டின்னையும் ஒரு கை பாத்தாச்சு. மறுநாள் கட்டத்துல இன்ட்டு. அதுக்கப்புறம் அந்தப் பேப்பரப் பாக்காம மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் ஃபிரிட்ஜத் தொறப்பேன்.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதின்னு நெனச்சேன். சைக்காலஜி படிக்கிற மகதான் சொன்னா, 1975லயே ஹெர்மன், மேக்னு ரெண்டு பேரு இத சோதிச்சுப் பாத்துட்டாங்களாம். டயட்ல இருக்கறவங்களுக்கு மொதல்ல மில்க்‌ஷேக் குடுத்துட்டு ஐஸ்கிரீம வச்சா, மில்க்‌ஷேக் குடிக்காதவங்கள விட குடிச்சவங்கதான் ஜாஸ்தி சாப்பிட்டாங்களாம். வயிறு ரொம்பியும் சாப்பிட்டது விரதம் முறிஞ்சிருச்சுங்கற நெனப்புலதான். அப்ப எங்க தப்பு, கந்தரப்பத்துலயா இல்ல அந்த இன்ட்டு மார்க்லயா?

21ங்கற கணக்கும் சாப்பாட்டுலேர்ந்து வந்ததே இல்ல. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேசன் ஆனவங்களுக்குப் புது மொகம் பழக கொறஞ்சது 21 நாள் ஆகுதுன்னு 1960ல எழுதினாரு, அந்த "கொறஞ்சது" வழியில எங்கயோ விழுந்துருச்சு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலியும் கூட இருந்தவங்களும் 96 பேர 12 வாரம் கவனிச்சதுல, ஒரு பழக்கம் யோசிக்காமலே வர்றதுக்கு சராசரியா 66 நாள் ஆச்சு, ஆளப் பொறுத்து 18லேர்ந்து 254 வரைக்கும் (12 வாரத்தத் தாண்டுனது கணக்குப் போட்டுச் சொன்னது). நடுவுல ஒருநாள் விட்டா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலன்னும் அதுலயே இருக்கு. இந்த ஒரு வரிய நீங்க போட்டிருந்தா எனக்கு ரெண்டு வருசம் மிச்சம்.

இப்ப எப்படி மாத்துனேன்னா, எனக்கு 4 மணிக்குப் பசியே கெடையாது, ஊஞ்சல்ல உக்காந்ததும் காபியோட கை தன்னால டின்னுக்குப் போகும், அவ்வளவுதான். அதனால காபியையும் ஊஞ்சலையும் விடல, டின்ன மட்டும் மாடி அறைக்கு ஏத்திட்டு அதே எடத்துல ஒரு கிண்ணம் சுண்டல வைக்கச் சொன்னேன். மொத மாசம் சுண்டல மொறச்சுப் பாத்துக்கிட்டே தின்னேன். கை டின்னத் தேடாம இருக்க மூணரை மாசம் ஆச்சு.

விசேச வீடுதான் கஷ்டம். எங்க ஊர்ல பலகாரத்த வேணாம்னா ஆளையே வேணாம்னு சொன்ன மாதிரி, "ஒரு பணியாரத்துல என்ன வந்திரப்போகுது"ன்னு ஆச்சிமாரு இலைய விட்டு நகர மாட்டாங்க. கோல்விட்சர்னு ஒரு உளவியல்காரர் சொல்ற மாதிரி, இது நடந்தா இதத்தான் செய்வேன்னு வீட்டுலயே முடிவு பண்ணிட்டுப் போறேன். கவுனி அரிசி இனிப்பு ஒரு கரண்டி, அடுத்த இனிப்பு வந்தா இலை மேல கை. வாக்குவாதமே கெடையாது.

அட்டவணை போடாதீங்கன்னு சொல்லல. போட்டா 90 கட்டமாப் போடுங்க, தவறுன நாளுக்கு இன்ட்டு வேணாம், சும்மா காலியா விடச் சொல்லுங்க. அப்புறம் அதே இணைப்புல அட்டவணைக்குப் பின்பக்கம் பால் பணியாரம் செய்முறை போட்டிருந்தீங்க, எங்க வீட்டு ஆச்சி வெட்டி ஒட்டுனது அந்தப் பக்கத்தத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி