நலனைக் குடும்பக் கணக்கில் பார்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனித நலன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வருமானம், ஆயுள், எழுத்தறிவு மூன்றையும் வைத்துக் கேரளத்தைக் கட்டுரையாளர் பாராட்டியிருந்தார். பாராட்டட்டும், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒரு வீட்டை ஒரே ஆளாக எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்குள் யார் முதலில் எழுந்திருக்கிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை. பெண்ணியப் பொருளியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது இதைத்தான்.

கேரளத்தில் எங்கள் பீருமேடு பக்கம் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களில் நிறையப் பேர் தமிழ்ப் பெண்கள். என் அம்மாவும் கொழுந்து கிள்ளியவர்தான். விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டி, எங்களுக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு, அப்புறம் மலையேறுவார். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் வழியிலேயே விறகு பொறுக்க வேண்டும். அதே தோட்டத்தில் மருந்தடித்த அப்பா மதியமே லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, வந்துவிடுவார். அதோடு அவருக்கு அன்றைய வேலை முடிந்தது. ஒரே லயம், ஒரே ரேஷன் கார்டு. இரண்டு பேருக்கும் நலன் ஒன்றா? தேயிலைக் காட்டில் கழிப்பறை இல்லாததால் அம்மா பகலில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். நீர்க்கடுப்பு அவரை விட்டதேயில்லை. அது எந்தப் புள்ளிவிவரத்தில் ஏறியது?

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையாவது கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அதுவும் அந்த வேலையைச் செய்கிறவர்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அடுப்படிப் பக்கமே போகாத ஆண்கள் இதில் வரவில்லை.

மார்த்தா நுஸ்பாம் என்ற தத்துவவாதி, மனிதராக வாழ அடிப்படையான பத்துத் திறன்களைப் பட்டியலிட்டார். உடல்நலம் அதில் உண்டு. சிரிப்பது, விளையாடுவது, ஓய்வை அனுபவிப்பதும் உண்டு. தன் வாழ்க்கையைப் பாதிக்கும் முடிவுகளில் பங்கு பெறுவதும் உண்டு. எங்கள் லயத்துப் பெண்களுக்கு இந்தக் கடைசி இரண்டும்தான் எட்டாக்கனி.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் 20 சதவீத போனஸ் கேட்டுச் சாலையில் உட்கார்ந்தார்களே, அப்போது தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே சேர்க்கவில்லை. கடைசியில் 20 சதவீதத்தை வாங்கியும் விட்டார்கள். காசு பெரிதுதான். ஆனால் தங்களுக்கு எது வேண்டும் என்பதைத் தாங்களே பேசிய அந்த நாட்களையும் நலன் என்றுதான் நான் சொல்வேன். அதைக் கட்டுரையில் ஒரு வரிகூடக் காணோம்.

இரண்டாம் பகுதி அடுத்த இதழில் என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குள் ஏதாவது ஒரு லயத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, அவருடைய ஒரு நாளை மணிவாரியாகக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் யாரிடம் பணம் கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்,
வண்டிப்பெரியாறு.