ரப்பர் படகுக்கு மின் மோட்டார்

அன்புள்ள முரளி,

முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அடுத்த வரியிலேயே ஒன்பதடி ரப்பர் படகு வாங்கிவிட்டேன், மின் மோட்டார் எதைப் போடலாம் என்கிறாய். நீ திருந்தவே மாட்டாய்.

எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறாய். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். அந்த நீளத்துப் படகு தான் எழுப்பும் அலைக்கு நடுவிலேயே மாட்டிக்கொள்ளும். அதன் வேகம் அவ்வளவுதான்: சுமார் 4 நாட், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் படகு தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்கவேண்டும். 1 கிலோவாட் மோட்டாரால் அது ஆகிற காரியமில்லை. ‘3 குதிரைத்திறனுக்குச் சமம்’ என்று விளம்பரத்தில் போடுவார்கள். 1 குதிரைத்திறன் 746 வாட், நீயே வகுத்துப் பார். பெரிய புரொப்பெல்லரை நிதானமாகச் சுற்றுவதால் தள்ளுவிசை நன்றாக இருக்கும், அதனால் முழுப்பொய் என்றும் சொல்லமாட்டேன்.

குதிரைத்திறனை விடு, பேட்டரியில் எத்தனை வாட்-மணி, அதாவது எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்று கேள். என் முதல் மோட்டார் மீன்பிடிப் படகில் மாட்டுகிற 12 வோல்ட் டிரோலிங் மோட்டார், 55 பவுண்டு தள்ளுவிசை. முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். கூடவே 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், ஆக முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. ஒருநாள் போகும்போது காற்று முதுகில் தள்ள, ஜோராகப் போய்விட்டேன். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்தது. மோட்டாரின் ரீங்காரம் மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் பக்கவாட்டில் அலை தட்டுகிற சத்தம் மட்டும்தான். மிச்ச தூரம் துடுப்பு. கரை சேர்ந்தபின், கிட்டத்தட்ட 30 கிலோ பேட்டரியைத் தூக்கி இறக்கியது அதைவிடக் கொடுமை. உன் முழங்காலை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அதே கொள்ளளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் பாதி எடைகூட வராது, பெரும்பகுதியைத் தைரியமாகச் செலவழிக்கலாம். இல்லையென்றால் டார்கீடோ டிராவல், ஈபிரொபல்ஷன் ஸ்பிரிட் மாதிரி, பேட்டரி மோட்டாரின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும் வகை. ஸ்பிரிட் 1.0 பிளஸ்ஸில் 1,276 வாட்-மணி. முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம். பாதித் திறனுக்கு இறக்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், நேரமோ இரண்டு மடங்கு. இன்னும் எவ்வளவு நேரம் ஓடும் என்று திரையில் காட்டும், அது பெரிய நிம்மதி. பேட்டரியைத் தனியாகக் கழற்றிக் கொண்டுபோகலாம், தவறி விழுந்தாலும் மிதக்கும். விமானத்தில் மட்டும் ஏற்ற விடமாட்டார்கள். பயணிகள் கொண்டுபோகும் பேட்டரிக்கு 160 வாட்-மணிதான் உச்சவரம்பு.

என் ஓட்டு இந்த வகைக்குத்தான். தனிப் பேட்டரி வைத்தால் அதன் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடு, கனமான ஒயர் போடு. மோட்டார் கடல் தண்ணீருக்குத் தோதானதா என்று முதலில் கேட்டுக்கொள். தோதானதே ஆனாலும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசு. காந்தச் சாவியின் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள், நீ விழுந்தால் மோட்டார் நின்றுவிடும். துடுப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதே.

மோட்டார் மாட்டும் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுது. 15 என்றால் குட்டை ஷாஃப்ட் (மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் தண்டு), 20 என்றால் நீள ஷாஃப்ட். குறைந்துபோனால் புரொப்பெல்லர் காற்றைத்தான் கடையும். காற்று முழுதாக அடித்துவிட்டு அள.

அன்புடன்,
கணேசன்