மேன்முறையீட்டைக் கேட்க யாரை நியமிக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிஎஸ்பி என்று நாம் சொல்லும் ஒன்ராறியோ மாற்றுத்திறனாளிகள் உதவித்திட்டத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சென்ற இதழில் வந்த கட்டுரை பலருக்கும் பயன்படும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் 30 நாட்களுக்குள் உள்ளக மீளாய்வு கேட்க வேண்டும், அதிலும் மறுத்தால் மேலும் 30 நாட்களுக்குள் சமூக நலன்கள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும் என்று சொல்லிக் கட்டுரை முடிந்திருந்தது. எனக்குள்ள கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்தத் தீர்ப்பாயத்தில் இருந்து நம்மவர் கதையைக் கேட்பவர் யார்? அவரை அங்கே இருத்துவது யார்?

இதைப் பற்றி நம் சமூகத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆனால் தீர்மானிக்கப்படுவது ஒருவருடைய சாப்பாடும் வாடகையும். மாகாணத்தின் பொது நல உதவியான ஒன்ராறியோ வேர்க்ஸில் தனியாளுக்கு மாதம் 733 டாலர். ஓடிஎஸ்பி கிடைத்தால் அது ஏறத்தாழ 1,400 டாலர். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட் அறைக்கு இன்று என்ன வாடகை என்பது வாசகர்களுக்குத் தெரியும். இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் நிற்பது பெரும்பாலும் தீர்ப்பாயத்தின் ஒரேயொரு உறுப்பினர். விசாரணையும் இப்போது அநேகமாகத் தொலைபேசியில்தான். விண்ணப்பதாரரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், உரைபெயர்ப்பாளரின் குரல் வழியாக அவருடைய வாழ்க்கையைக் கேட்டு, இவருக்குச் சட்டம் சொல்லும் அளவுக்கு இயலாமை உண்டா இல்லையா என்று அந்த ஒருவர் முடிவெடுக்கிறார்.

சட்டத்தில் பெரிய குறையில்லை. 1997 ஆம் ஆண்டு ஓடிஎஸ்பி சட்டம் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: தன்னைத் தானே பராமரிக்க முடிகிறதா, சமூகத்தில் இயங்க முடிகிறதா, வேலைத்தலத்தில் இயங்க முடிகிறதா. இவற்றில் ஒன்றில் கணிசமான தடை இருந்து, உடல் அல்லது மனக் குறைபாடும் கணிசமானதாக, ஓராண்டோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடியதாக இருந்தால் போதும். இந்தச் சட்டத்தைத் தாராள மனத்தோடு வாசிக்க வேண்டும், ஐயம் வந்தால் விண்ணப்பதாரருக்குச் சாதகமாகத் தீர்க்க வேண்டும் என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2002 இலேயே சொல்லிவிட்டது. நோயின் பெயரை மட்டும் பார்க்காமல் ஆளை முழுமையாகப் பார் என்று 2006 இல் அதே நீதிமன்றம் மீண்டும் சொன்னது. கூட்டாட்சி அரசின் சிபிபி (கனடா ஓய்வூதியத் திட்டம்) இயலாமை ஓய்வூதியத்திலும் வயது, படிப்பு, மொழியறிவு, செய்த வேலை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2001 இலிருந்து தீர்ப்பு இருக்கிறது. ஏட்டில் இத்தனை இருந்தும், ஆளை முழுமையாகப் பார்க்கத் தெரிந்தவர் கதிரையில் இருந்தால்தானே அது நடக்கும்?

பல வருடங்களாக நான் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். ஒரு அக்காவிடம் கேட்டேன்: "சமைப்பீங்களா அக்கா?" "ஓம் தம்பி, நான்தான் சமைக்கிறன்" என்றார், கொஞ்சம் கோபத்தோடு. பிறகு ஆறுதலாக இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. காய் வெட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போவது மகள். ரைஸ் குக்கரில் அரிசியும் தண்ணீரும் விடுவதும் மகள். சனிக்கிழமைகளில் மச்சாள் இரண்டு மூன்று கறி வைத்து டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். அக்கா செய்வது ஸ்டூலில் இருந்து குக்கரின் பொத்தானை அழுத்துவது. அதைச் செய்துவிட்டுப் போய்ப் படுத்தால் பின்னேரம்தான் எழும்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்ட மனுசி. எனக்குச் சமைக்க ஏலாது என்று அந்நியர் ஒருவரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இந்த "ஓம்" ஒரு விசாரணையில் அப்படியே பதிவானால் என்ன ஆகும்? இயலாமையோடு வாழ்ந்தவரோ, அப்படியொருவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவரோ அந்தப் பதிலோடு நிற்க மாட்டார். எப்படிச் சமைக்கிறீர்கள், எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, யார் உதவி, அடுத்த நாள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார். போரில் பட்ட காயங்களும் இப்படித்தான். உடம்பில் ஷெல் துண்டோடு இருப்பவருக்கு எக்ஸ்ரே சாட்சி சொல்லும். இரவில் அலறி எழும்புகிறவர் அதைக் குடும்ப வைத்தியரிடம்கூடச் சொல்வதில்லை. ஊர் என்ன கதைக்கும் என்ற பயம். மனநல வைத்தியரைப் பார்த்ததற்குப் பதிவு இல்லை, ஆகவே பாதிப்பும் இல்லை என்று ஒருவர் எழுதிவிடலாம். ஏன் பதிவு இல்லை என்று இன்னொருவர் கேட்கலாம். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து இரண்டும் நடக்கும்.

அந்த உறுப்பினர்களை நியமிப்பது மாகாண அமைச்சரவை. ஒவ்வொரு ஓடிஎஸ்பி வழக்கிலும் எதிர்த்தரப்பாக இருப்பது அதே அரசின் ஓடிஎஸ்பி பணிப்பாளர். உறுப்பினர்கள் பக்கச்சார்பாக நடக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. ஆனால் முதலில் இரண்டு ஆண்டுகள், பிறகு மூன்று, பிறகு ஐந்து என்று பதவிக்காலம் துண்டு துண்டாக நீடிக்கப்படுகிறது. ஒவ்வொரு நீடிப்புக்கும் அதே அமைச்சரவையின் கையெழுத்து வேண்டும். தீர்ப்பாய நியமனங்கள் பற்றிய 2009 ஆம் ஆண்டுச் சட்டம், தகுதி அடிப்படையில் போட்டி வைத்தே ஆளெடுக்க வேண்டும், துறை அறிவும் நடுநிலையாகத் தீர்க்கும் ஆற்றலும் பார்க்க வேண்டும், தீர்ப்பாயத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் நியமிக்கக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். இருந்தும் பரிந்துரைக்கப்பட்டவரை நியமித்தே ஆக வேண்டும் என்றோ, வெற்றிடத்தை இத்தனை நாட்களுக்குள் நிரப்ப வேண்டும் என்றோ அரசுக்கு அதில் கட்டாயம் எதுவும் இல்லை.

2018 இல் ஆட்சி மாறிய பிறகு அதன் விளைவைக் கண்டோம். மாகாணத்தின் தீர்ப்பாயங்களில் அனுபவம் உள்ள பலருக்குப் பதவி நீடிக்கப்படவில்லை. வெற்றிடங்களும் நெடுநாள் கிடந்தன. வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சபையைப் பற்றி மாகாணக் குறைகேள் அதிகாரி 2023 இல் வெளியிட்ட அறிக்கையில், அங்கே தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 38,000 ஐத் தாண்டியிருந்தன. நியமனத் தாமதமும் புதியவர்களைப் பழக்கி எடுக்கச் செல்லும் காலமும் அதற்குக் காரணங்கள் என்று அவர் எழுதினார். நமது சமூக நலன்கள் தீர்ப்பாயமும், மாகாணத் தீர்ப்பாயங்கள் பலவற்றை ஒன்றாக நிர்வகிக்கும் அதே ட்ரிபியூனல்ஸ் ஒன்ராறியோ குடையின் கீழ்தான் இருக்கிறது.

கூட்டாட்சி மட்டத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2013 வரை சிபிபி இயலாமை மறுப்புகளை மூவர் கொண்ட மீளாய்வுக் குழு கேட்டது. ஒருவர் சட்டத்தரணி, ஒருவர் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர், மூன்றாமவர் சமூகத்திலிருந்து வந்தவர். அதைக் கலைத்து, ஒரே உறுப்பினர் கேட்கும் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயத்தை அந்த ஆண்டு ஏப்ரலில் தொடங்கினார்கள். வேகமும் சிக்கனமும்தான் சொல்லப்பட்ட காரணங்கள். அடுத்து வந்த காலத்தில் முடிவுக்காகக் காத்திருந்த நேரம் சராசரியாக இரண்டு ஆண்டுகளைத் தாண்டியது. 2015 ஆம் ஆண்டு இலையுதிர்கால அறிக்கையில் கணக்காய்வாளர் நாயகமே அதைச் சுட்டிக்காட்டினார். மூவரை ஒருவராக்கியும் வேகம் வரவில்லை, அந்த மூன்று விதமான அறிவும் கைவிட்டுப் போயிற்று.

வேறு வழி இருக்கிறது. பிரித்தானியாவில் பிப் என்ற இயலாமைக் கொடுப்பனவுக்கான மேன்முறையீட்டை ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை பற்றிய அனுபவம் உள்ள ஒருவர் என்று மூவர் சேர்ந்து கேட்பது நெடுநாள் வழக்கம். அந்த மூன்றாமவர் தாமே மாற்றுத்திறனாளியாக இருக்கலாம் என்று 2008 ஆம் ஆண்டு ஆணை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆட்களைத் தெரிவு செய்வது அரசிடமிருந்து விலகி நிற்கும் நீதித்துறை நியமன ஆணைக்குழு. லண்டனில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி அப்படியொரு விசாரணைக்குப் போய் வந்தான். நீதிபதி கடிதங்களைப் பற்றிக் கேட்டார், வைத்தியர் மருந்துகளைப் பற்றிக் கேட்டார். மூன்றாவதாக இருந்த பெண், "குளித்துவிட்டு வந்த பிறகு எவ்வளவு நேரம் படுத்திருப்பீர்கள்?" என்று கேட்டாராம். இதுவரை எந்தப் படிவமும் தன்னிடம் கேட்காத கேள்வி அது என்றான்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பக்கத்தில் கியூபெக்கின் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வைத்தியர்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். உறுப்பினர்கள் நன்னடத்தையோடு இருக்கும்வரை பதவியில் இருப்பார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அமைச்சரவையைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், அரசியல் நியமனங்களால் பேர் கெட்டுப்போன பழைய மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டு 2024 அக்டோபரில் புதியது ஒன்றைத் தொடங்கியது.

நீதிமன்றம் இதைச் சரிசெய்யும் என்று காத்திருக்க முடியாது. இப்படியான தீர்ப்பாயங்களின் சுதந்திரம் சட்டமன்றம் கொடுக்கும் அளவுக்குத்தான் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2001 இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே கேட்க வேண்டிய இடம் மாகாணச் சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க். நம் வாக்குக் கேட்டு வருபவர்கள் கோயில் திருவிழாவிலும் பொங்கல் விழாவிலும் பொன்னாடையோடு மேடையில் இருக்கிறார்கள். நியமனத்தை அமைச்சரவையின் கையிலிருந்து எடுத்து ஒரு சுயாதீன ஆணைக்குழுவிடம் கொடுப்பீர்களா, இயலாமை வழக்குகளைக் கேட்க இயலாமையை அறிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதுவீர்களா என்று அங்கேயே அவர்களிடம் கேட்கலாம். எழுத்தில் பதில் வாங்கினால் இன்னும் நல்லது.

நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. இந்தப் பதவிக்குச் சட்டத்தரணியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓய்வு பெற்ற தாதியர், தொழில்வழிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே பட்டம் பெற்று வேலை பார்த்தவர்கள் என்று நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறார்கள்! மாகாணப் பொது நியமனச் செயலகத்தின் இணையத்தளத்தில் வெற்றிடங்கள் விளம்பரமாகின்றன. அவை நம் வீடுகளை எட்டுவதில்லை. காணி விற்பனை விளம்பரத்துக்கும் மரண அறிவித்தலுக்கும் உங்கள் பத்திரிகையில் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. சமூக நலன்கள் தீர்ப்பாயத்துக்கு ஆள் கேட்டு அறிவித்தல் வரும்போதெல்லாம், இறுதித் திகதியோடு ஒரு சிறு கட்டத்தில் போட்டு உதவுங்கள். விண்ணப்பக் கடிதம் எழுத உதவி வேண்டும் என்று யாராவது உங்களைத் தொடர்பு கொண்டால் என் இலக்கத்தைக் கொடுங்கள், அது உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
ஸ்காபரோ