பச்சை வயரை வெட்டிவிடாதீர்கள்: மலையகத்து வயரிங் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

பாஸ் அண்ணன்மாருக்கு,

தலவாக்கலைப் பக்கத்து லயம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். வயரிங் என் தொழில் இல்லை, கேம் விளையாடுகிறவன், அவ்வளவுதான். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிய காசில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கொம்பியூட்டர் என்னுடையது. அம்மா பின்னேரம் கரண்ட் கேத்தலைப் போட்டால் கேம் நடுவில் அது டப்பென்று அணைந்து மறுபடி எழும்பும். மழை நாளில் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்று பெட்டியின் ஸ்க்ரூவைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். முதலில் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் லைன் கரண்டைத் திட்டினேன், 150 மெகாவொட் கரண்ட் எடுக்கிற மேல் கொத்மலை அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று. கடைசியில் கடன் வாங்கிப் புது பவர் சப்ளை போட்டேன். அதே கூத்து.

கூட்டாளியின் மல்டிமீட்டரில் பார்த்தால் 228 வோல்ட், குறை சொல்ல எதுவும் இல்லை. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு பிளக் பொயின்ட்டைக் கழற்றினேன். நியூட்ரல் ஸ்க்ரூ பாதிதான் முறுக்கியிருந்தது, வயரின் தோல் பொரிந்து கறுத்துக் கிடந்தது. கேத்தலும் அதே பொயின்ட்டில்தான். அது 2000 வொட் இழுக்கும்போது அந்த ஆட்டத்தில் கரண்ட் ஒரு கணம் விட்டுவிட்டு வரும். கரண்ட் விட்டால் பவர் சப்ளை தாக்குப்பிடிப்பதோ கிட்டத்தட்ட 16 மில்லிசெக்கன், நம்ம கரண்ட் ஒரு சுற்று வரவே 20 மில்லிசெக்கன் ஆகும்.

பொயின்ட்டை மாற்றியதும் அது நின்றது. நான் எழுத வந்தது பச்சை வயரை, அதாவது எர்த் வயரைப் பற்றி. அதை அரை அங்குலத்தில் வெட்டி, மடக்கி உள்ளே செருகியிருந்தார்கள். மூன்று ஓட்டை, மூன்று கால் பிளக், எர்த் மட்டும் எங்கேயும் போகவில்லை. பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த்தை நம்பித்தான் தகரப் பெட்டியோடு கட்டப்பட்டிருக்கின்றன. எர்த் இல்லையென்றால் பெட்டி 115 வோல்ட் அளவில் மிதக்கும். ஓடும் கரண்ட் கொஞ்சம் என்பதால் எறும்போடு போயிற்று. உள்ளே லைவ் வயர் ஒன்று தகரத்தில் பட்டிருந்தால்?

"ட்ரிப் சுவிட்ச் இருக்குதானே தம்பி" என்பீர்கள். இருக்கிறது, 30 மில்லிஅம்பியர் கரண்ட் வெளியே கசிந்தால் விழுகிற சாமான். எர்த் இல்லாத வீட்டில் அது விழ வேண்டுமானால் முதலில் யாராவது தொட வேண்டும் அண்ணே. எங்கள் வீட்டில் என் தங்கச்சி தொடுவாள். டெஸ்ட் பட்டனை அமுக்கி விழவைத்துக் காட்டுவதும் போதாது, எர்த் இல்லாமலும் அது அழகாக விழும்.

இன்னும் சிலர் பொயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் காலுக்கு ஒரு துண்டு வயர் போட்டுவிடுகிறார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். எங்கள் வீட்டில் ஆடியது போல நியூட்ரல் ஒருநாள் கழன்றால் 230 வோல்ட்டும் பெட்டிக்கு வந்துவிடும்.

மலையில் கல்லு, எர்த் கம்பி இறங்காது என்று எனக்கும் தெரியும். பாதியில் வளைத்துவிட்டுப் போகாமல் கானோரமாக ஈரமண் உள்ள இடம் பாருங்கள், எர்த் டெஸ்டரில் ரீடிங் எடுத்து வீட்டுக்காரருக்குக் காட்டுங்கள். கம்பி கூடுதலாகப் போனால் காசைக் கேளுங்கள், தருகிறோம். கேட்காமல் வெட்டிவிட்டுப் போனதில்தான் எனக்குக் கோபம்.

எங்கள் லயத்தில் இன்னும் ஐந்து வீடு பார்க்க இருக்கிறது. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணிக்குக் குறைவில்லை, கேத்தலுக்குத் தனி லைன் இழுத்தாயிற்று.