மீனாள் என்கிற மீனாட்சி

காரைக்குடி,
கார்த்திகை 20.

அன்புள்ள நண்பா,

ஐப்பசியில் நீ எழுதிய கடிதத்துக்கு இதுவரை பதில் போடாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். நம் மிலிட்டரி அண்ணன் தவறிய செய்தியை அன்றைக்கே தொலைபேசியில் சொன்னதோடு சரி, அதன் பிறகு உட்கார்ந்து எழுத மனம் கூடவில்லை. முழங்கால் வலியால் நீ வர முடியாமல் போனதை எண்ணி வருந்தாதே. பதினாறாம் நாள் காரியமும் நல்லபடியாக முடிந்தது. சுற்றுவட்டாரத்து முன்னாள் படைவீரர்கள் எட்டுப் பேர், அவர்களில் இருவர் கைத்தடி ஊன்றியவர்கள், மழையில் நனைந்தபடி வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். அதை நீ பார்த்திருக்க வேண்டும். என் வீட்டில் எல்லோரும் நலம். மருத்துவர் சொன்ன பயிற்சியை நீ செய்வதில்லை என்று உன் மகள் என்னிடம் புகார் சொல்கிறாள். ஒழுங்காகச் செய்.

இனி, நான் எழுதவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மதினிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. அண்ணனுடைய பணிப் பதிவில் மனைவியின் பெயர் மீனாள் என்று இருக்கிறது. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் மீனாட்சி என்று இருக்கிறது. இரண்டும் ஒருவர்தானா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 1974 தையில் கல்யாணம் முடித்து, விடுப்பும் முடிந்து யூனிட்டுக்குத் திரும்பியவரிடம் மனைவி பெயர் என்னவென்று கேட்டிருப்பார்கள். அவர் தன் வாயில் புழங்கிய பெயரைச் சொல்லியிருப்பார். கட்டியவரை அவர் ஒருநாளும் மீனாட்சி என்று அழைத்து நான் கேட்டதில்லை, நீயும் கேட்டிருக்க மாட்டாய்.

என் மனம் ஆறாததற்குக் காரணம், இதே பெயர்ப் பிழையிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியவர் அவர் என்பதுதான். நவம்பர் பிறந்துவிட்டால் உயிர்வாழ் சான்றுக்காக அவர் வீட்டுத் திண்ணையில் ஆட்கள் காத்திருப்பார்கள். ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்ற திட்டம் வந்து நிலுவைத் தொகை கணக்கிடப்பட்ட காலத்திலும், பிறகு எல்லாம் ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு மாறியபோதும், யாருடைய பி.பி.ஓ.வில், அதாவது ஓய்வூதிய ஆணையில், என்ன இருக்கிறது என்று அவரிடம்தான் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு இரும்பு ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்திப் படிப்பார். ஒரு வரி சரியென்று தெரிந்த பிறகே ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் 1972இல் ஊருணிப் படிக்கட்டில் நாம் மூவரும் உட்கார்ந்திருந்த மாலைதான் என் நினைவுக்கு வரும்.

உனக்கும் அது மறந்திருக்காது. வேப்பங்குச்சியை ஈரமண்ணில் சாய்த்துக் குத்திக் காட்டினார். கம்பியைச் செங்குத்தாக இறக்கினால் கண்ணிவெடியின் தலையில் படும், சாய்த்து இறக்கினால் பக்கவாட்டில் தட்டும், தட்டுப்பட்டதும் கையை நிறுத்திவிட வேண்டும் என்றார். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சி பெற்ற மதராஸ் சாப்பர், அதாவது ராணுவப் பொறியியல் படைக்காரர் அவர். 1971 டிசம்பர் 15ஆம் தேதி இரவு, பாகிஸ்தான் பக்கத்து ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில், டாங்கிகள் போவதற்குக் கண்ணிவெடி வயலில் வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர். வழி முழுவதும் திறந்து முடிவதற்கு முன்பே டாங்கிகள் அதில் இறங்கிக் கடந்ததையும், மறுநாள் அந்தப் பக்கம் நின்று போரிட்டு இறந்த இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபாலுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்ததையும் சொல்லிவிட்டு, "அந்தப் பையனுக்கு இருபத்தொரு வயசு. எனக்கும் அதே வயசு" என்று மட்டும் சொல்லி எழுந்துவிட்டார். 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த செய்தியை வானொலியில் கேட்டு நாம் தெருவில் பட்டாசு வெடித்தோம் அல்லவா? அந்த மாலையிலும் அண்ணன் இருந்த பக்கம் சண்டை ஓயவில்லை. மேற்கில் போர் நின்றது 17ஆம் தேதி இரவு 8 மணிக்குத்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

அஞ்சலிப் பதாகையில் ஒரு டாங்கிப் படத்தைப் போட்டு, "1971 போர் வீரர்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். அன்போடு செய்ததுதான். ஆனாலும் எனக்கு வருத்தமாக இருந்தது. போர் நடந்தது இரண்டு வாரம். அவர் 17 ஆண்டு பணி முடித்து, ஹவில்தாராக ஊர் திரும்பியது 1985இல். அதற்குப் பிறகு வாழ்ந்த 40 ஆண்டுகளை யார் எழுதுவது? கானாடுகாத்தானில் அந்தப் பெரிய வீட்டின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, முதலாளி குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை முன்னோர் படைப்புக்கு வரும்வரை, வெள்ளிதோறும் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டு வரை கதவுகளைத் திறந்து காற்றாட விட்டு, விளக்கேற்றிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பியவர். தன் பிள்ளைகள் மூவரோடு, இறந்துபோன தம்பியின் இரண்டு பெண்களையும் சேர்த்து ஐந்து பேரை அந்தச் சம்பளத்திலும் பென்ஷனிலும் வளர்த்தார். திங்கட்கிழமைச் சந்தையில் வாங்கிய காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டி, தம்பி மகளைப் பின்னால் வைத்து அவர் மிதித்துவரும் காட்சி எனக்கு எந்தப் பதக்கத்தையும்விடப் பெரிது. பெரியவள் கல்யாணத்துக்காக இருந்த ஒரே மனையை விற்றபோது, நான் கொஞ்சம் யோசிக்கச் சொன்னேன். "யோசிச்சா அவ வேற, என் மக வேறன்னு ஆயிடும்டா" என்றார்.

பென்ஷன் காகிதங்களைத் தேடுவதற்காக, அவருடைய படை எண் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய அந்தக் கறுப்புப் பெட்டியை மதினி என் முன்னால்தான் திறந்தார். மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார் பதக்கத்தை ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி வைத்திருந்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குள் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. மனைவியின் பெயரைத் திருத்தக் கோரி, 2016இல் அவர் கைப்பட நிரப்பிய விண்ணப்பம் அது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் ஒட்டவேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஸ்டூடியோவுக்கு வா என்று அவர் பலமுறை கூப்பிட்டதாகவும், சின்னவள் கல்யாணம் முடியட்டும், கண் ஆபரேஷன் முடியட்டும் என்று தானே தள்ளிப்போட்டதாகவும் சொல்லி மதினி அழுதார். பெயர் வைத்து, காது குத்தி, அறுபது பிராயம் தாண்டி வாழ்ந்தவரைப் பார்த்து யார் என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. "மீனாள் யாருன்னு கேக்குறாகளே தம்பி, நான் என்னத்தச் சொல்ல?" என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

குடும்ப ஓய்வூதியம் என்பது சம்பளக் கணக்கில் 30 விழுக்காடுதான். ஆனாலும் மதினிக்கு வேறு வருமானம் இல்லை. பிள்ளைகள் கொடுப்பார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் அவர் உழைத்து விட்டுப்போனதை வாங்கிச் செலவழிப்பது வேறு. எண்பது வயதானால் பென்ஷன் 20 விழுக்காடு கூடும், அதைப் பேத்தி படிப்புக்குப் போட்டுவிடலாம் என்று போன பொங்கலன்று கணக்குச் சொன்னவர், எழுபத்தைந்திலேயே போய்விட்டார்.

இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி முடித்துவிட்டோம். தாசில்தார் சான்றுக்கும் மனுக் கொடுத்திருக்கிறோம். பழைய ஆதாரம் ஏதேனும் சேர்ந்தால் வேலை விரைவில் முடியும் என்கிறார்கள். அதற்காகத்தான் உன்னை நாடுகிறேன். அவர்களுடைய கல்யாணப் பத்திரிகையில் "மீனாள் என்கிற மீனாட்சி" என்று அச்சிட்டிருந்ததாக எனக்கு நன்றாக நினைவு. என் பிரதி கரையானுக்குப் போய்விட்டது. நீ எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதவன். அன்று உன் சித்தப்பாவின் கேமராவைக் கேட்டு வாங்கிவந்து, மாலையும் கழுத்துமாக அவர்கள் இருவரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தவனும் நீதான். தாம்பரம் வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டியை உன் பேரனை ஏறி எடுக்கச் சொல், நீ ஏறாதே. 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியிலிருந்து அண்ணன் உனக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்களும் அதில்தான் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிந்தையவற்றில் மதினியின் பெயர் வந்திருந்தால் அவற்றையும் எடுத்து வை.

செல்போனில் படம் பிடித்து உடனே அனுப்பு. அசலை ஸ்பீடு போஸ்டில் போடு, பார்த்து முடித்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அடுத்த வியாழக்கிழமை மதினியை அழைத்துக்கொண்டு மறுபடியும் போகிறேன், அதற்குள் கையில் கிடைத்தால் நல்லது. அந்தப் படத்தில் ஒரு பிரதி மட்டும் மதினிக்குத் தனியாகப் போட்டுக் கொடு. தன்னிடம் ஒன்றுகூட இல்லை என்கிறார்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்