டெடி தம்கோவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பிரெஞ்சு மும்முறைத் தாண்டல் வீரர் டெடி தம்கோ களத்தை விட்டு விலகி ஆண்டுகள் ஆகிவிட்டன. இந்த மடல் அவருக்கு அல்ல, அவரைச் சுற்றி நின்ற உங்களுக்கு.

முதல் நன்றி மணல் வாரியவர்களுக்கு. 2013 ஆகஸ்ட் 18, மாஸ்கோ உலகப் போட்டியின் கடைசிச் சுற்றில் தம்கோ தாண்டியது 18.04 மீட்டர். அதற்கு முன் 18 மீட்டரைக் கடந்தவர்கள் ஜோனதன் எட்வர்ட்ஸ், கென்னி ஹாரிசன் இருவர்தான். மேலே நின்ற அந்த 4 சென்டிமீட்டர் மணலின் கையில் இருந்தது. ஈரம் பற்றாவிட்டால் குதிகால் தடத்தின் விளிம்பு உதிர்ந்துவிடும், எங்கே பதிந்தது என்றே தெரியாது. மணல் மேடாகக் கிடந்தால் கால் முன்னதாகவே தட்டித் தூரம் குறையும். பள்ளமாகக் கிடந்தால் இல்லாத தூரம் கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு தாண்டலுக்குப் பின்னும் வீரர் காலூன்றி எழும்பும் பலகையின் மட்டத்துக்கு வாரிச் சமன்படுத்த வேண்டும். பலகைக்கு மிக அருகில் கலைந்த இடம்தான் கணக்கு என்பதால், பின்னால் ஒரு கை ஊன்றினாலே அரை மீட்டர் போய்விடும். இந்த வேலைக்கு யாரும் கை தட்டுவதில்லை.

பலகையருகே குனிந்திருந்த நடுவர்களுக்கும் நன்றி. 20 சென்டிமீட்டர் அகலப் பலகை, அன்று அதை ஒட்டிப் பிளாஸ்டிசின் என்ற மெழுகுக் களிமண் பட்டை இருந்தது. அதில் ஷூவின் நுனி பதிந்தால் அப்போது சிவப்புக் கொடிதான். ஆண்களுக்கு அந்தப் பலகையிலிருந்து மணலுக்கே 13 மீட்டர். எதிர்காற்று அடித்தால் ஓட்டம் சுருங்கிக் கால் பலகைக்கு முன்பே விழும். பின்காற்றில் கோட்டைத் தாண்டிவிடும். ஓட்டம் தொடங்கும் அடையாளத்தை முன்னே, பின்னே நகர்த்தச் சொல்லி ஓரத்திலிருந்து கை காட்டிய பயிற்சியாளர்களின் பங்கு இதில் பெரிது.

இளம் வயதில் அவரை வளர்த்தவர் ஜான்-எர்வே ஸ்டியெவெனார். 2008இல் உலக ஜூனியர் பட்டம், 2010இல் நியூயார்க்கில் 17.98, 2011 மார்ச்சில் பாரிஸ் பெர்சியில் 17.92 என்ற உள்ளரங்க உலக சாதனை எல்லாம் அந்தக் காலத்தின் விளைச்சல். அடுத்து வந்தவர் கியூபாவின் இவான் பெட்ரோசோ, சிட்னி ஒலிம்பிக்கின் நீளம் தாண்டுதல் சாம்பியன். மும்முறைத் தாண்டலுக்கு நீளம் தாண்டியவர் எதற்கு என்று கேட்டவர்களுக்கு மாஸ்கோ பதில் சொல்லிவிட்டது.

18 மீட்டரை உத்தேசமாகப் பிரித்தால் ஹாப் (எழும்பிய காலிலேயே இறங்குவது) 6.48, ஸ்டெப் (மறு காலில் இறங்குவது) 5.40, கடைசி ஜம்ப் (மணலில் விழுவது) 6.12. இதில் கெடுவது பெரும்பாலும் ஸ்டெப். ஹாப்பில் ஆசைப்பட்டு உயரமாக எழும்பினால், இறங்கும் கால் அந்த எடையைத் தாங்காமல் முழங்கால் மடங்கும். வேகம் அங்கேயே செத்துவிடும். எனவே ஹாப்பைத் தாழ்வாக, தட்டையாக எடுத்து, முழுப் பாதமும் பதியக் காலைப் பின்னோக்கி இழுத்தபடி இறங்க வேண்டும். இந்த இறக்கத்தில் காலில் விழும் விசை உடல் எடையைப் போல் சுமார் 15 மடங்கு வரை போவதாக அளந்திருக்கிறார்கள்.

அந்த 15 மடங்கின் கணக்கைத் தீர்த்தவர்கள் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும். 2011இல் ஓஸ்த்ராவாவில் கணுக்கால் முறிந்தது, லண்டன் ஒலிம்பிக் போயிற்று. 2013 முடிவதற்குள் கீழ்க்கால் எலும்பு. 2015 மே மாதம் தோகாவில் குதிகால் நாண் அறுந்தது. 2016இல் தொடை எலும்பு, ரியோவும் கைவிட்டுப் போனது. ஒவ்வொரு முறையும் ஊன்றுகோலிலிருந்து மெதுநடை, ஒற்றைக்கால் நிற்றல், சிறு துள்ளல் என்று அடியிலிருந்து தொடங்க வைத்தீர்கள். ஒலிம்பிக் பதக்கம் வரவில்லை, அது உங்கள் குறை அல்ல. இடையே ஊக்கமருந்துச் சோதனைக்கு மூன்று முறை கிடைக்காமல் போனதற்கு ஓராண்டுத் தடையும் இருந்தது. நன்றி மடல் என்பதற்காக அதை மறைக்கத் தேவையில்லை.

இன்னொரு நன்றி புர்கினா ஃபாசோவின் ஊக் ஃபப்ரீஸ் சாங்கோவுக்கு. தம்கோ பயிற்சியாளராக நிமிர்ந்தது இவரால். 2011இல் தம்கோ 17.91 தாண்டிய அதே ஓபியேர் ஊரில், 2021 ஜனவரி 16 அன்று சாங்கோ 18.07 தாண்டினார். தகர்ந்தது ஆசானின் 17.92. அந்த ஆண்டே டோக்கியோவில் வெண்கலம், அவருடைய நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

அன்புடன்,
மும்முறைத் தாண்டல் ரசிகர்கள்